நெஞ்சு நோவுக்கு ஒரு பிரெஞ்சுச் சொல்

நாங்கள் உரித்துக் குப்பையில் போடுகிற தோடம்பழத் தோலை மொன்ட்ரியாலில் காசு கொடுத்து வாங்கினேன். சைனாடவுனில் ஒரு மருந்துக் கடை, சுவர் முழுக்கச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் காய்ந்த தோல், இஞ்சி, பெயர் தெரியாத ஏதோ வேர் என்று ஒவ்வொன்றாக நிறுத்துக் கடதாசியில் மடித்துத் தந்தார். யாழ்ப்பாணத்தில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்து வளர்ந்த எனக்கு அந்த மணம் அந்நியமாகப் படவில்லை. பழகிய மணம் ஒன்று வந்தால் புலம்பெயர்ந்தவர்கள் உடனே நம்பிவிடுவோம். நானும் நம்பினேன்.

மருந்து என் கணவருக்கு. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை அவருக்கு. “நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது. சாப்பிட்டிட்டுப் பெட்டி தூக்கேக்கதான் கூட. வாய்வு போல,” என்றார். டொக்டரிடம் போவோம் என்றால், “ஒரு வாய்வுக்கு நாள் முழுக்க அங்க குந்திக்கொண்டு இருக்கேலாது, நீர் சும்மா இரும்,” என்று கத்தினார். என்னோடு தையல் தொழிற்சாலையில் வேலை செய்த சீனப் பெண்தான் அந்தக் கடையைச் சொன்னாள். இவருக்கு லீவு இல்லை, நான் தனியாகப் போனேன். பிரெஞ்சு வகுப்புக்குப் போனவளும் நான்தான். எங்கள் வீட்டின் வாய் நான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வகுப்பில் தலையிடிக்கு ‘மால் ஆ லா தெத்’ என்று படித்தோம். வயிற்று நோவுக்கு ‘மால் ஓ வோந்த்ர்’. இதயத்துக்குப் பிரெஞ்சில் ‘கேர்’. அந்தக் கணக்கில் என் கணவருக்கு ‘மால் ஓ கேர்’ என்று கடைக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்ட பிறகா என்று கேட்டார். ஓம் என்றேன். நாக்கையும் நாடியையும் பார்க்க வேண்டும், ஆளைக் கூட்டிவா என்றார். வேலை என்றேன். சாப்பாடு செரிக்க என்று சொல்லி மருந்தை நிறுத்தார். அவருக்கும் அது இரவல் மொழி, எனக்கும் இரவல். நெஞ்சு நோ என்று சொல்லியும் கடைக்காரர் சமிபாட்டு மருந்துதானே தருகிறார், அப்படியென்றால் வாய்வேதான் என்று நிம்மதியாக வீடு வந்தேன்.

அவித்துக் குடித்ததும் வாய்வு மேலே கிளம்பி ஏவறை வந்தது. “ஆறுதலாக் கிடக்கு,” என்றார். அந்த ஏவறைதான் எங்களுக்கு ஆதாரம். மூன்று கிழமை கழித்து, பெட்டிகளுக்கு நடுவே விழுந்தார்.

மாரடைப்பு. இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று கிழமையாக மால் ஓ கேர் என்று நான் அழ, டொக்டர், “குமட்டலா?” என்று கேட்டார். இல்லை, இங்கே, என்று என் நெஞ்சில் அடித்துக் காட்டினேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வாந்தி வருகிற மாதிரி இருப்பது, இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த மருந்தா செய்தது என்று கேட்டேன். குமட்டலுக்கு இஞ்சி உதவும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டாம். இப்படிக் கலந்து அவிப்பவை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, உறுதியாக எதுவும் சொல்ல முடியாதாம். “மருந்து கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை, மதாம். தாமதம்தான் செய்தது.”

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இவர், “அந்தச் சீனன் ஏமாத்திப்போட்டான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். எவ்வளவு கேவலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“அப்ப அந்தாளில பிழையில்லை,” என்றார்.

“இல்லையப்பா.”

எழும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நல்லது.

அடுத்த முறை டொக்டரிடம் போனோம். எங்கே நோகிறது என்று வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். இவர் கையைக் காட்டி என்னை மறித்தார். பிறகு அதே கையை நெஞ்சில் வைத்து, “இசி,” என்றார்.

இசி என்றால் இங்கே. வந்து ஒன்பது வருஷமாகியும் இந்த நாட்டை ‘வெளிநாடு’ என்றே சொல்கிற மனிதர், அதன் மொழியில் முதன்முதலாகச் சொன்ன ‘இங்கே’ அதுதான். டொக்டர் குனிந்து எழுதினார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.