அண்ணனின் தோலுக்கடியில் காற்று

அண்ணனின் கழுத்தில் நான் விரல் வைத்ததும், மூட்டைக்குள் இருக்கும் கல்லுப்பை அமுக்கியது போல உள்ளே நறநறத்தது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைக் கூட்டத்துக்குப் போனவன், திரும்பும் வழியில் லாரியிலிருந்து விழுந்திருந்தான். விலாவில் அடி. "ஒன்னும் இல்ல, கொஞ்சம் வலிக்குது" என்று படுத்தவனுக்கு விடிவதற்குள் முகம், கழுத்து, மார்பு எல்லாம் ஊதி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. குரல்கூட யாருடையதோ போலக் கீச்சென்று வந்தது.

எங்கள் வீட்டில் அன்று ஆளுக்கு ஆள் வைத்தியர். விழுந்ததை எல்லோரும் மறந்தேபோனார்கள். அம்மை வரும் வெயில் காலம் வேறு. "கங்கம்மா எறங்கிக்கீறா" என்றார் நைனா. அவ்வளவுதான், வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அம்மை கண்ட உடம்பில் இரும்பு படக்கூடாது, ஆகவே ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது. மத்தியானம் அவன் மூச்சுக்குத் தவித்தபோது அண்ணிதான் பிடிவாதம் பிடித்து, மாங்காய் ஏற்றிப்போன லாரியில் எங்களையும் ஏற்றிச் சித்தூருக்குக் கொண்டுவந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள்.

தெலுங்குக்கார டாக்டர் எங்களுக்காகத் தமிழில் சொன்னார். உடைந்த எலும்பு நுரையீரலைக் குத்திவிட்டது. அதில் கசியும் காற்றுதான் தோலுக்கடியில் பரவுகிறது. லேசாக இருந்தால் ஆக்சிஜன் வைத்துக் காத்திருக்கலாம், உடம்பே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இது தொண்டையை நெரிக்கும் அளவுக்கு முற்றிவிட்டது. விலாவுக்கு நடுவே குழாய் விட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் வைக்க வேண்டும். காறை எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் தோலைக் கீறிக் காற்றைத் தள்ளிவிட வேண்டும். "சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றார்.

"கத்தி பட்டா ஆத்தா சும்மா வுடமாட்டா" என்றார் நைனா. டாக்டர் சொல்வதும் சரியாகப் பட்டது, நைனா சொல்வதும் சரியாகப் பட்டது. ஒன்றும் புரியாமல் அழுகைதான் வந்தது.

அண்ணி டாக்டரிடம் கேட்டாள்: "காத்து வெளிய பூட்டா உசுரும் கூடவே பூடாதா சார்?"

போகாது என்றார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. "கண்ணு தொறக்குமா?" என்றாள். திறக்கும் என்றார். தலையாட்டிவிட்டாள். நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டர் கன்னத்திலிருந்து கழுத்து வழியாகக் கீறல்வரை உள்ளங்கையால் நீவிக்கொண்டே வந்தார். ரத்தத்தில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. பாட்டில் தண்ணீரும் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் அண்ணனின் முகம் திரும்பக் கிடைத்தது.

பிறகு எல்லையைப் பிரித்தார்கள். எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. கங்கம்மாதான் மனமிரங்கிப் போனாள் என்று நைனா சாகும்வரை சொன்னார். டாக்டர்தான் என்று அண்ணன் இன்றும் சண்டைக்கு வருவான். நடுவில் நான் இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் திருப்பதியில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போனோம். அவருக்கும் இதே காற்று. எக்ஸ்ரே படம் எடுத்து, குழாய் வைத்துவிட்டிருந்தார்கள். அவர் சாவகாசமாக இட்லி கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், அன்று எப்படி அவ்வளவு தைரியமாகச் சம்மதித்தீர்கள் என்று அண்ணியைக் கேட்டேன்.

"தைரியமா? காத்து போனா அவுரும் பூடுவாருன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். போறதுக்கு முன்னாடி ஒரு தபா கண்ணத் தொறந்து என்னைப் பாத்துட்டுப் போவட்டும்னுதான் சரின்னேன்."