மச்சான் பிடித்த கயிறு

பேத்தி பிறந்த வாரமே இனிகோ சங்கு குளிப்பதை விட்டுவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"பேத்தி வந்துட்டாள்லா. இனி அவ மொகத்தப் பாத்துக்கிட்டு இங்கனயே கெடக்கப் போறேன்."

பேத்தி வந்த சந்தோஷம் பொய்யில்லை. மற்றதுதான் பொய்.

உண்மை ரெக்சனுக்குத் தெரியும். அவன் இனிகோ மனைவியின் தம்பி. அந்தக் கரையில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை, வள்ளத்தில் நிற்கும் மச்சான் கையில்தான் கொடுப்பார்கள். அக்காள் தாலியை நினைத்து அவன் கண் அயரமாட்டான் என்று நம்பிக்கை. கடைசி நாள், இனிகோ இறங்கிய கொஞ்ச நேரத்தில் கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. மேலே தூக்கிப் பார்த்தால் உடம்பில் அடியில்லை, மூச்சும் முட்டவில்லை. வெறும் பயம். மறுநாள் அவரால் வள்ளத்தில் கால் வைக்கவே முடியவில்லை.

கடல் வேலையை விட்டவர்களுக்கு ஜெப்ஸி என்ற பெண் கோயில் கூடத்தில் கரைத் தொழிலுக்கான பயிற்சி வகுப்பு நடத்தினாள். மனைவி கிளாடிஸ் பிடித்துத் தள்ளாத குறையாக இனிகோவை அனுப்பினாள், துணைக்குத் தம்பியையும் சேர்த்து.

கிளம்பும்போது மகள் சுஜிதா தடுத்தாள். "ஏப்பா, பிள்ளையப் பாக்க வந்த கிருபாபாய் சித்தி என்ன சொல்லுதா தெரியுமா? பொறந்த ராசி, தாத்தாவக் கரையில உக்கார வச்சிட்டாம். எம் மூஞ்சிக்கு நேரா சொல்லுதா."

"அவ கெடக்கா" என்று இனிகோ நழுவிவிட்டார்.

வகுப்பில் ஜெப்ஸி இருவர் இருவராக உட்கார வைத்தாள். "ஒருத்தர் எதுக்காகக் கடல விட்டீங்கன்னு சொல்லணும். மத்தவர் குறுக்க பேசாம கேட்டு, அத எல்லாருக்கும் திருப்பிச் சொல்லணும். நம்ம பேச்ச அடுத்தவர் வாயில கேட்டாத்தான் நமக்கே வெளங்கும்."

"கிளிப்பிள்ள கிளாஸு" என்று முணுமுணுத்தான் ரெக்சன்.

இனிகோ அவன் கண்ணைப் பார்க்காமல் வழக்கமான பதிலையே சொன்னார். ரெக்சன் எழுந்தான். கேலி செய்வான் என்று பயந்தார். அவன் செய்யவில்லை.

"பேத்தி பொறந்ததுனாலதான் மச்சான் கடல விட்டாவளாம்."

கிருபாபாய் சொன்னதும் இதைத்தானே. தொட்டிலில் கிடக்கிற பச்சைப்பிள்ளை தலையில் தன் பயத்தைக் கட்டிவிட்டவர் அவரேதான். இனிகோவுக்கு உடம்பு கூசியது.

"இல்ல டீச்சர். நான் பயந்துட்டேன். பிள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பின்னாலிருந்து ஒரு குரல். "சுறா வந்துச்சோ அண்ணாச்சி?" கூடமே சிரித்தது.

"ஒண்ணும் வரல. அதான் வெக்கமா இருக்கு."

சிரிப்பு அடங்கியது. திருப்பிச் சொல்லும்படி ஜெப்ஸி ரெக்சனைப் பார்த்தாள்.

"இத நான் சொல்ல மாட்டேன் டீச்சர். அன்னைக்கே கயித்துல கேட்டாச்சு."

திரும்பும் வழியில் கிருபாபாய் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இனிகோ தெருவிலேயே நின்றார்.

"ஏளா, எம் பேத்தியக் கொற சொல்லாத. நான் பயந்துதான் கரையேறுனேன்."

"ஆம்பள இத வீதியில நின்னு சொல்லணுமாக்கும்?"

"பிள்ளையச் சொன்னது ஊரு பூரா போயிருக்கு. இதையும் நீயே கொண்டு போயிரு."

காது மடல் சுட, யார் முகத்தையும் பாராமல் வீட்டுக்கு நடந்தார். சுஜிதாவிடமும் நடந்ததைச் சொன்னார். அவள் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள்.

"அடுத்த வாரமும் கிளாஸுக்குப் போவியளா?"

"போணும். பாத்துப் பாத்துச் சிரிப்பானுவ."

"சிரிக்கட்டும். பிள்ளையப் பிடிங்க, நான் குளிச்சிட்டு வாரேன்."

இனிகோ தலை நிமிராமலே இரண்டு கையையும் நீட்டினார்.