கித்தான் சுவருக்குப் பின்னால்

சிங்கப்பூரில் என் மகள் படித்த பள்ளியில் தமிழ் எடுத்த பிள்ளைகள் ஒரு வகுப்பறையை நிரப்பக்கூடக் காணாது. நாடகம் போடுவதென்று தமிழாசிரியை முடிவு செய்ததும் அத்தனை பேரும் நடிக்கப் போய்விட்டார்கள். காட்சிக்குக் காட்சி கட்டிலையும் கதவையும் சுவரையும் தூக்கி வைக்க ஆள் இல்லை. பெற்றோர் யாராவது வர முடியுமா என்று சொல்லி அனுப்பினார். மூன்று அப்பாக்கள் போனோம். கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், தேக்காவில் மளிகைக்கடை வைத்திருந்த பாய், அலுவலகக் கிளார்க்கான நான். முதல் நாளே பாய் சொன்னார்: "நம்ம புள்ளைங்க எல்லாம் ராஜா ராணி, நாம மட்டும் கூலி லா."

நான் போனதற்கு வேறு காரணம் இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஓர் ஆண்டு அது. அதன் தொடக்கத்தில் என் மனைவி புக்கிட் பாஞ்சாங்கில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. முதலில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. பிறகு அவளும் போனாள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், தெரிந்தவர்கள் என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். பள்ளி பக்கம் என்பதால் மகள் வார நாள்களில் என்னோடும், சனி ஞாயிறு அம்மாவோடும் இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஆண்டு முடிந்ததும் ஒரேயடியாக அம்மாவிடம் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். அதை அவளிடம் கேட்கவும் பயம். வசனத்தைக்கூடக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஒத்திகை பார்த்தாள். சமையலறையில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம்.

எங்களுக்கு ஆசிரியை வைத்த விதி ஒன்றுதான்: மேடைக்குப் பின்னால் பேசக்கூடாது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருட்டில் வேலை செய்ய வேண்டும். சாமானின் ஒரு முனையைப் பிடித்தவர் மரத்தை இரண்டு தட்டு தட்டினால் 'தூக்கு' என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் 'இறக்கு'. பட்டறைக்காரர் சொல்லிக்கொடுத்த வழி அது. அங்கே இரைச்சலில் பேச்சு கேட்காதாம்.

நாடகம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நடந்தது. வெயில் உள்ளே வராதபடி மண்டபத்துச் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மூன்றாம் காட்சி ஒரு மீனவர் வீடு. மரச்சட்டத்தில் கித்தான் துணியை இழுத்து ஆணியடித்து, மண் சுவர் போல வண்ணம் பூசியிருந்தோம். என்னைவிட உயரமான சுவர். பின்பக்கம் சாய்வாக ஒரு முட்டுக்கட்டை, அது நழுவாமல் இருக்க அதன் அடியில் ஒரு மணல் மூட்டை. நாங்கள் சுவரை நிறுத்தினோம். மற்ற இருவரும் போனார்கள். நடைவழியில் மூட்டை கிடந்தால் பாய்க்குப் பொறுக்காது. இருபது வருடக் கடைக்காரர். போகிற போக்கில் அந்த மணல் மூட்டையைத் தூக்கி ஓரமாக அடுக்கிவிட்டார்.

விளக்கு எரிந்தது. முட்டுக்கட்டை நழுவும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். சுவர் முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில், அந்தப் பக்கம், பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். குறுக்குச் சட்டத்தை எட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். நின்றது. ஆனால் விட முடியாது.

அவள் குரல் துணிக்கு அந்தப் பக்கம், வெகு அருகில் கேட்டது. நாடகத்தில் அவள் அந்த வீட்டு அம்மா; கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருப்பவள். குளியலறையில் கேட்ட வசனங்கள்தான். திடீரென்று நின்றுவிட்டன. அதே நேரம் சுவர் என் பக்கம் தள்ளியது. யாரோ அதில் சாய்ந்திருந்தார்கள். இழுத்துக்கொண்டிருந்த நான் இப்போது தாங்க வேண்டியதாயிற்று. கித்தானில் உள்ளங்கையை வைத்தேன். அவள் தோள்பட்டையின் சூடு தெரிந்தது. அவளைத் தொட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை.

மண்டபம் அமைதியாக இருந்தது. அடுத்த வரி எனக்குத் தெரியும். 'வருகிறவர்கள் வரட்டும், விளக்கை நான் அணைக்க மாட்டேன்.' துணியில் வாய் வைத்துச் சொன்னால் அவளுக்கு மட்டும் கேட்கும். சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டே நின்றேன். ஒருவழியாக அவளே சொன்னாள்.

விளக்கு அணையும் வரை இருவரும் அப்படியே இருந்தோம். பல வருடம் கழித்துப் பாசிர் ரிஸ்ஸுக்குக் குடிவந்த பிறகும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சில நேரம் அந்தச் சட்டம் கையிலிருந்து நழுவுவது போல இருக்கும். தட்டை அப்படியே வைத்துவிடுவேன்.

நாடகம் முடிந்து மண்டபப் படியில் அவளைப் பார்த்தேன். பள்ளிக் கேட்டுக்கு வெளியே அவள் அம்மா காத்திருந்தாள், புக்கிட் பாஞ்சாங்குக்குக் கூட்டிப்போக.

"சுவர் ஆடுச்சுப்பா," என்றாள். "என் மேல விழப்போகுதுன்னு தெரிஞ்சுச்சு. அதான் முதுகைக் குடுத்துத் தள்ளிக்கிட்டு இருந்தேன்."

"பின்னால நான் பிடிச்சிருந்தேன்."

என் கையைப் பார்த்தாள். சட்டம் அழுந்திய கோடு இன்னும் சிவப்பாக இருந்தது.

"சொல்லியிருக்கலாம்லா. யாருமே இல்லன்னு நெனச்சேன். வசனமே மறந்துபோச்சு."

பின்னால் பேசக்கூடாதே என்றேன்.

"வீட்லயுமா?" என்றாள்.

வெளியே அவள் அம்மா கையை உயர்த்தினாள்; மகள் போய்விட்டாள். நான் உள்ளே போய்ப் பாயோடு சேர்ந்து ஆணி பிடுங்கினேன். மூட்டையை நகர்த்தியது தான்தான் என்று தெரிந்ததும் பாய் என் கையிலிருந்த சுத்தியலையும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மாலை அவள் திரும்பி வந்ததும், செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், அடுத்த வருஷம் எங்கே இருக்கப்போகிறாய் என்று கேட்டேன். அம்மாவிடம் என்றாள். நீங்களே கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை என்றாள்.

டிசம்பரில் அவளுடைய படிக்கும் மேசையை இறக்க வேண்டியிருந்தது. லிஃப்ட் நிற்காத மாடி எங்களுடையது. அவள் ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையை. குனிந்தபடி மரத்தை இரண்டு தட்டு தட்டினாள்.

"பிடிச்சிருக்கேன்," என்றேன், சத்தமாகவே. படிக்கட்டு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு இறங்கினேன்.