மொரையா உச்சிக்கு ஆறடி முன்னால்

நியூ ஹாம்ஷயரின் பெர்லின் ஊரில் ஜினெட் லாவோயின் குரலைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. இருபத்துமூன்று வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கடைசி வரிசையில் யார் யாருடைய தொப்பியைப் பிடுங்கினான் என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். புளுகுகிற பிள்ளையை நிறுத்தி, "என் முகத்தப் பாத்துச் சொல்லு" என்பாள். முக்கால்வாசிப் பேர் அங்கேயே உண்மையைக் கக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஜினெட் பதினொரு வருடமாக ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தாள். அதுவும் கட்டிய புருஷனிடம்.

புருஷன் பெயர் வெண்டல். காகித ஆலை மூடியபிறகு நகராட்சியின் பனி அள்ளும் லாரிகளைப் பழுது பார்க்கிறான். பதினெட்டு வருடம் முன்பு ஒரே மகள் கல்லூரிக்குப் போனதும், வீட்டில் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டிவி ரிமோட்டுக்காகச் சண்டை போட்டார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த ஜினெட், இது சரிப்படாது என்று கடைக்குப் போய் இரண்டு ஜோடி பனிச்செருப்பு வாங்கி வந்தாள். பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டங்கள். கட்டினால் இடுப்பளவுப் பனியிலும் மேலாக நடக்கலாம். முதல் நாள் வெண்டல் வாத்து மாதிரி நடந்து நான்கு முறை விழுந்தான். அவள் சிரித்த சிரிப்பில் அவளும் விழுந்தாள். அன்றிலிருந்து குளிர்காலச் சனிக்கிழமை என்றால் மலைதான்.

அந்தப் பக்கத்தில் நாலாயிரம் அடிக்கு மேல் நாற்பத்தெட்டு சிகரங்கள். அத்தனையையும் குளிர்காலத்தில் ஏறி முடிப்பது என்பது அங்கே ஒரு பைத்தியம். பஞ்சாங்கம் பார்த்துக் குளிர்காலம் எந்த நிமிடம் பிறக்கிறதோ அதற்குப் பிறகு கிளம்பி, எந்த நிமிடம் முடிகிறதோ அதற்குள் இறங்க வேண்டும். உச்சியின் மிக உயர்ந்த இடத்தைத் தொட வேண்டும். முடித்ததும் மலையேறுவோர் சங்கத்துக்குப் பட்டியல் அனுப்பினால், ஏப்ரல் விருந்தில் சான்றிதழும் தோளில் தைத்துக்கொள்ள ஒரு துணி வில்லையும் தருவார்கள். சாட்சி கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் சரி. அவ்வளவுதான் கட்டுப்பாடு, ஆனால் அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு எதுவும் இல்லை. இதில் பொய் சொல்கிறவனை அந்த ஊரில் கல்லாப் பெட்டியைத் திருடியவனைவிடக் கேவலமாகப் பார்ப்பார்கள்.

வெண்டலுக்கும் ஜினெட்டுக்கும் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒருவர் இல்லாமல் மற்றவர் எந்த உச்சியையும் தொடுவதில்லை.

பதினொரு வருடம் முன்பு ஔல்ஸ் ஹெட். பெயரில் ஆந்தை இருக்கிறதே தவிர, ஆந்தைகூட அங்கே போகாது. போக வர பதினெட்டு மைல், வழியில் ஆறு, கடைசியில் செங்குத்துச் சரிவு. அத்தனையும் ஏறி மேலே போனால் ஒரு காட்சி கிடையாது. நெருக்கமான மரங்களுக்குள் ஒரு மேடு, அதுதான் உச்சி. அன்று வெண்டல் பனியை மிதித்துப் பாதை போட்டுக்கொண்டு முன்னால் போனான். உச்சிக்கு இருநூறு தப்படி இருக்கும்போது ஜினெட்டுக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. அந்தக் குளிரில் மூன்று அடுக்கு உடையை அவிழ்த்து மாட்டுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. மரங்களிலிருந்து வெளியே வந்தால், அவள் சுற்றி முன்னால் போய்விட்டாள் என்று நினைத்து வெண்டல் உச்சியைத் தொட்டுவிட்டு வேறு பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"அந்தப் பக்கமா சுத்தி வந்து தொட்டுட்டியா?" என்றான், தாடியெல்லாம் பனியாக.

விரல் போய்விடுமோ என்ற பயத்தில் ஜினெட் தலையாட்டினாள். ஒரே ஒரு தலையாட்டல். கீழே இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கீழே வந்ததும் அவன் அவளைக் கட்டிப்பிடித்து, "பதினெட்டு மைல் நடந்துட்டியே, ராட்சசி!" என்று சுற்றினான். எப்படிச் சொல்வது? இன்றைக்கு நாளைக்கு என்று பதினொரு வருடம் ஓடிவிட்டது.

இப்போது நாற்பத்தேழு முடிந்து, மிச்சம் மொரையா ஒன்றுதான். மார்ச் மாதம், குளிர்காலத்தின் கடைசி நாள். மாலை ஐந்தரைக்கு வசந்தம் பிறக்கிறது. இன்று விட்டால் டிசம்பர்தான். சான்றிதழுக்கு வெண்டல் போன வாரமே சட்டம் வாங்கி வைத்துவிட்டான். உச்சியைத் தொடுமுன் சொல்லிவிட வேண்டும் என்று ஜினெட் முடிவு செய்திருந்தாள். தொட்டபிறகு சொன்னால் அவனுடைய நாற்பத்தெட்டும் அசிங்கமாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பொய் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும், அவள் தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். இரவு விழுந்த பனி முழங்கால் அளவு. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் செருகியிருந்தார்கள். மேலே உறையும் பனிக்கட்டி அடிப்பக்கம் போய்விடும், வாய் அடைக்காது. வெண்டல் முன்னால் மிதிக்க, அவள் பின்னால் போனாள். அரை மைலுக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொண்டார்கள்.

முதல் மேட்டில் நின்றபோது ஜினெட் தொண்டையைச் செருமினாள். "வெண்டல், ஒரு விஷயம்..."

"மொதல்ல இதப் பாரு!" என்று அவன் பாதையைக் காட்டிக் குதித்தான். நேற்று யாரோ பனிச்செருப்பு இல்லாமல் வெறும் பூட்ஸில் நடந்து, பாதை முழுக்கத் தொடை ஆழத்துக்குக் குழி போட்டிருந்தார்கள். புதுப்பனி மூடியும் பள்ளம் தெரிந்தது. "எந்தக் கழுத மிதிச்சது இது? ஒரு ஜோடி செருப்பு வாங்க வக்கில்லையா? வர்றவன் கால உடச்சுக்கணுமா?"

"அவன் இங்க இல்ல. என்கிட்ட ஏன் கத்துற?"

"வேற யார்கிட்ட கத்துறது? முப்பத்தாறு வருஷமா நீதான இருக்க."

அப்புறம் கால் மணி நேரம் நின்று பனிச்செருப்பாலேயே குழிகளை மிதித்து நிரப்பினான். பின்னால் வருகிறவன் விழக்கூடாதாம். வெண்டல் அப்படித்தான். ஜினெட்டும் கூடச் சேர்ந்து மிதித்தாள்.

பாதி வழியில் பட்டாணி சூப் குடித்தார்கள். அவள் மறுபடி வாயெடுத்தாள். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். "விருந்துல மேடையேறினா என்ன பேசப் போறேன் தெரியுமா? ஔல்ஸ் ஹெட் கதைதான். அந்த மரத்துக்குள்ள என் பொண்டாட்டி எனக்கு முன்னாடியே தொட்டுட்டு வந்து நின்னான்னு..."

ஜினெட்டுக்குச் சூப் புரையேறியது. அவன் முதுகில் தட்டினான்.

உச்சிக்குக் கீழே கடைசி மரங்கள் குட்டையாகி, வானம் திறந்தது. ஆள் மாறும் முறை. வெண்டல் ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான். "போ, ராணியம்மா. கடைசி மேட்ட நீ மிதி."

ஜினெட் நகரவில்லை. "வெண்டல், நான் ஔல்ஸ் ஹெட்ட தொடல."

"என்ன?"

"தொடல. இருநூறு தப்படி இருக்கும்போது ஒதுங்கப் போனேன். கை மரத்துப் போச்சு. நீ வந்து தொட்டியான்னு கேட்ட, நான் தலையாட்டிட்டேன். எனக்கு நாப்பத்தாறுதான்."

காற்று அடித்தது. அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவளும் பேருந்தில் பிடிபட்ட பிள்ளைபோல நின்றாள்.

"பதினோரு வருஷமா?"

"ஆமா."

"நாலு வீட்டு விருந்துல அந்தக் கதைய நான் சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்து தலையாட்டின."

"ஆட்டினேன்."

"போன கிறிஸ்மஸுக்கு உங்க அண்ணன்கிட்ட சொன்னப்போ, நீதான் 'பனி எம்மாம் ஒசரம்'னு எடுத்துக் குடுத்த."

"குடுத்தேன். போதும், என்ன வேணா திட்டு."

அவன் திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முறையெல்லாம் பார்க்காமல் அவளைத் தாண்டி விறுவிறுவென்று மேலே ஏறினான். ஜினெட் அழுதுகொண்டே பின்னால் நடந்தாள். கண்ணீர் இமையில் உறைந்து, பாதை மங்கலாகத் தெரிந்தது. அவன் தொடட்டும், பதினெட்டு வருட உழைப்பு, அவனுக்காவது கிடைக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தாலும் வலித்தது.

உச்சி ஒரு மொட்டைப் பாறை. மறுபக்கப் பாதையாக ஏறி வந்த ஓர் இளம்பெண் நாயோடு நின்று, எதிரே வெள்ளையாக நின்ற மலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பாறைக்கு ஆறடி முன்னால் வெண்டல் நின்றுவிட்டான். கைத்தடியைப் பனியில் ஊன்றி, ஜினெட் வரும்வரை காத்திருந்தான். அவள் வந்ததும் தடியைக் குறுக்கே நீட்டினான்.

"இதுக்கு மேல போகாத."

"ஏன்?"

"கணக்கப் பாரு. இன்னிக்கு நான் தொட்டா எனக்கு முடிஞ்சுது. நீ ஔல்ஸ் ஹெட்ல தனியா முடிப்ப. தொடாம போனா, டிசம்பர்ல மொதல்ல ஔல்ஸ் ஹெட், அப்புறம் இங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணா முடியும்."

"உனக்குப் பைத்தியமா? இன்னொரு வருஷமா? மறுபடி அந்தப் பதினெட்டு மைலா? நீதான அந்த மலைய வாயில வந்தபடி திட்டின?"

"இப்பவும் திட்டுறேன். நாசமாப் போன மலை."

இளம்பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ஆறடிதான் இருக்கு! இங்க வந்து தொட்டுட்டுப் போங்களேன்!"

"தெரியும்மா," என்றான் வெண்டல். "நாங்க டிசம்பர்ல வர்றோம்."

அந்தப் பெண் நாயைப் பார்த்தாள். நாய்க்கும் விளங்கவில்லை.

ஜினெட் அவன் கோட்டுக் காலரைப் பிடித்தாள். "யோவ், உனக்கு என் மேல கோவமே இல்லையா?"

"இருக்கு. நெறைய இருக்கு. இறங்குற வழி முழுக்கக் காட்டப் போறேன்." அவன் தடியைப் பனியில் குத்தினான். "ஆனா உன்ன ஓரமா நிக்க வச்சுட்டு நான் மட்டும் தொடறதுக்கா பதினெட்டு வருஷம் நடந்தேன்? எனக்கு அந்தத் துணித்துண்டா முக்கியம், கிழவி?"

அவள் அவன் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள், அழுதபடியே சிரித்தாள். ஈரமான மூக்கு குளிரில் அவனுடைய கோட்டு ஜிப்பில் உறைந்து ஒட்டிக்கொண்டது. அவன் சூடாக ஊதி எடுத்துவிட்டான்.

"ஒரு நிபந்தன," என்றான். "ஔல்ஸ் ஹெட்ல நீ முன்னால நட. நான் உன்ன விட்டுக் கண்ண எடுக்க மாட்டேன்."

"நடுவுல எனக்கு ஒதுங்கணும்னா?"

"அதுக்கும் கூடவே வருவேன்."

"சீ, போய்யா!" என்று ஜினெட் போட்ட சத்தத்தில் நாய் குரைத்தது. இருவரும் உச்சிக்கு முதுகைக் காட்டிக் கீழே இறங்கினார்கள்.