மாசக் கடைசியில் ஓர் ‘இல்லைங்கம்மா’

ஒரு கோர்ட் நன்றாக நடக்கிறதா என்று அளக்க, நான் அறிந்தவரை, மாதத்தில் எத்தனை வழக்கு பைசல் ஆனது என்று எண்ணுவார்கள். நியாயம் கிடைத்ததா என்று எழுத அந்த அறிக்கையில் இடம் கிடையாது. நான் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த அறிக்கையைப் பிழையில்லாமல் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

நெய்வேலியில், சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்த மனைவி பெயரில் குவார்ட்டர்ஸ். கோர்ட்டுக்குப் பஸ்ஸில் போய் வருவேன். பைசல் இலக்கு எட்டாத மாதங்களில் எங்களைக் காப்பாற்றியவர்கள் பழைய குற்றவாளிகள். கூண்டில் ஏறுவார்கள், “ஒத்துக்கறேங்க” என்பார்கள், அபராதம் கட்டுவார்கள், பைசல். கொஞ்ச நாளில் திரும்ப வருவார்கள், இன்னொரு பைசல். திருந்தாதவனைப் போலக் கோர்ட்டுக்கு நல்ல பெயர் வாங்கித் தருபவன் வேறு யார்?

முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் அப்படி எங்களுக்கு நிறைய உதவியிருக்கிறார். வேலை நடக்கும் இடங்களில் செம்புக் கம்பியை எடுப்பார், மாட்டிக்கொள்வார், ஒத்துக்கொள்வார். ஒரு மாசக் கடைசியில் மறுபடி கொண்டுவந்தார்கள். மாஜிஸ்ட்ரேட் அம்மா புதிதாக வந்தவர். இலக்குக்கு இன்னும் சில வழக்குகள் தேவைப்பட்டன. குற்றச்சாட்டைச் சொல்லி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

“இல்லைங்கம்மா.”

காவலுக்கு வந்த ஏட்டு சிரித்துவிட்டார். “இன்னாடா புதுசா பேசற? ஒத்துக்கினா சாயங்காலம் வூட்டுக்குப் போவலாம்.”

“அப்பல்லாம் எடுத்தேன், ஒத்துக்கினேன். இந்தத் தபா எடுக்கலைங்க. மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு வேல கெடச்சிருக்கு. இனிமே ஒரு தண்டனைன்னு ஆனா உள்ள வுடற கேட் பாஸ் பூடும்மா.”

அம்மா என்னைப் பார்த்தார்.

“வக்கீல் வைக்க வசதி இல்லீங்கம்மா. இலவசச் சட்ட உதவில ஒருத்தரைப் போடலாம்,” என்றேன். மறைப்பானேன் என்று, “வழக்கு நீளும்,” என்றும் சேர்த்தேன்.

“நீளட்டும்.”

நீண்டது. போலீஸ் சாட்சி பந்தோபஸ்து என்று வரவில்லை. பிறகு மாற்றலாகிப் போனார். ஜாமீனில் போன அந்த மனிதர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நின்றார். ஒரு வழியாகச் சாட்சி வந்தபோது வக்கீல் கேட்டார்: “ஓடின ஆளோட முகத்தைப் பார்த்தீங்களா?”

“இருட்டுங்க. முதுகுதான் தெரிஞ்சுது.”

“அப்ப இவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

“பழைய ஆளாச்சே சார். இவன வுட்டா வேற யாரு?”

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்து கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கூண்டில் ஏறினார். “அன்னிக்கி நைட் ஷிப்ட்டுங்க. விடியற வரைக்கும் என்கூடத்தான் பம்புகிட்ட சேறு வாரிக்கினு இருந்தாரு,” என்றார். விடுதலை.

பிறகு ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி, “ஒரு சில்லறைத் திருட்டுக்கு இவ்வளவு நாளா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“விசாரிச்சேன் சார்,” என்றார் அவர். அந்த ஆண்டு எங்கள் கோர்ட்டுக்குச் ‘சுமார்’ என்ற மதிப்பீடுதான் கிடைத்தது. என் உத்தியோகக் காலத்தில் எத்தனையோ முறை ‘நன்று’ வாங்கியிருக்கிறோம். அதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. இந்தச் சுமாரை மட்டும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

போன வாரம் வடலூர் பஸ் நிலையத்தில் அந்த முத்தாண்டிக்குப்பத்துக்காரரைப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து கேட் பாஸை எடுத்துக் காட்டினார்.

“இன்னும் பர்மனென்ட் ஆவலைங்க. ஆனா பாஸ் இருக்குது. அம்மாகிட்ட சொல்லுங்க சார், நான் அப்புறம் வரவே இல்லன்னு.”

எனக்குத் தெரியாத நடைமுறை கிடையாது. ஒருவர் திரும்ப வரவில்லை என்பதை மேலிடத்துக்குத் தெரிவிக்க மட்டும் எந்த வழியும் இல்லை. அன்று சாயங்காலமே மாற்றலாகி வேறு ஊரில் இருக்கும் மாஜிஸ்ட்ரேட் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“பாஸ் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு, மாசக் கடைசி, பைசல் ரொம்பக் குறைச்சல் என்று வழக்கம்போலப் புலம்ப ஆரம்பித்தார். குரலில் வருத்தம் துளியும் இல்லை.