மேல் லைன் முறையன்று கீழ் லைனுக்குத் திறந்த தண்ணீர்

1. எண்ண வந்த ஆள்

நகராட்சித் தேர்தலில் ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலை, நான் வால்வு திறக்கப் போனபோது எனக்கு முன்பே அங்கே ஒருவர் குல்லா போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மேல் லைனில் மளிகைக் கடை வைத்திருக்கும் சுப்ரமணி. அத்தனை வருஷ சர்வீஸில் அந்த நேரத்தில் அந்த இடத்தில் நான் பார்த்ததெல்லாம் காட்டெருமையைத்தான்.

"ஏனுங்க, இன்னைக்கு யாருக்குங்க முறை?" என்றார்.

"உங்களுக்குத்தானுங்க. தெரியாத மாதிரி கேக்கறீங்க."

"தெரியும். நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்தேன். சாவிய எத்தனை சுத்து சுத்துவீங்க?"

"முழுசாத் தொறக்கற வரைக்கும் சுத்துவேன்."

"அதத்தான் எண்ணிப் பாக்கலாம்னு வந்தேன்."

சொன்னபடியே பக்கத்தில் குனிந்து நின்று எண்ணினார். தப்பாகத்தான் எண்ணினார், ஆனால் எண்ணினார்.

நான் மலையில் ஒரு நகராட்சியில் வாட்டர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்த வார்டு என்று எழுத மாட்டேன். எழுதினால் நான் எந்தப் பக்கத்துக்காக எழுதுகிறேன் என்று துருவ ஆள் கிளம்பிவிடும். வர்க்கி வாங்கக் குன்னூர் போய் வருகிற தூரத்தில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை இதுதான். மேட்டில் டேங்க் இருக்கிறது. அதிலிருந்து வரும் மெயின் லைன், ரோட்டு வளைவில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மேல் லைன் வீடுகளுக்கு, மற்றது கீழ் லைன் வீடுகளுக்கு. இரண்டு வால்வும் ஒரே குழிக்குள், மேலே ஒரு சிமெண்ட் ஸ்லாப், திருக இடுப்பளவு நீளத்தில் ஒரு இரும்புச் சாவி. ஒன்றைத் திறந்தால் மற்றதை மூட வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் கிடைக்காது. தண்ணீர் தினமும் வராது. முறை வைத்து, ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே. முறையைத் தவறவிட்டவர்கள் அடுத்த முறை வரைக்கும் ஊற்றுக்குக் குடம் தூக்க வேண்டியதுதான்.

2. இரண்டு பூத்

தேர்தலுக்கு முன்பும் இரண்டு லைனுக்கும் சண்டை உண்டு. அது குழாயடிச் சண்டை. குடம் நிறைந்ததும் முடிந்துவிடும்.

இந்தத் தடவை வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேல் லைனிலிருந்து ஒரு அம்மா, கீழ் லைனிலிருந்து ஒரு அம்மா நின்றார்கள். மேல் லைன்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பூத். கீழ் லைன்காரர்களுக்குச் சமுதாயக்கூடத்தில். எண்ணும்போது மெஷின் மெஷினாகத்தானே சொல்வார்கள்? எந்த லைன் யாருக்குப் போட்டது என்பது சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிட்டது. கீழ் லைன் அம்மா கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார். அதிலும் ஒரு விஷமம் இருந்தது. மேல் லைன் பூத்தில் அவருக்கு விழுந்த ஓட்டு, அவர் ஜெயித்த வித்தியாசத்தைவிடக் கூடுதல். ஆக மேல் லைனுக்குள்ளேயே கறுப்பு ஆடு இருக்கிறது. யார் அது?

அதற்குப் பிறகு மேல் லைனில் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை. கீழ் லைன் அம்மா பிரசாரத்தில் கொடுத்த பச்சைக் குடத்தோடு குழாயடிக்கு வந்த ஒரு பெண்ணை வரிசையே நகர்ந்து நின்று பார்த்தது. வார்டு வாட்ஸ்அப் குரூப் இரண்டாக உடைந்தது. போதாக்குறைக்கு, கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது நாற்காலி எங்கள் வார்டு அம்மாவுக்கே வந்தது. வெறும் கவுன்சிலராக இருந்தாலாவது பரவாயில்லை. நகர்மன்றத் தலைவியே கீழ் லைனில் இருக்கும்போது, மேல் லைனுக்குத் தண்ணீர் ஒழுங்காக வரும் என்று நம்ப அவர்கள் என்ன பச்சைப் பிள்ளைகளா?

எண்ணிப் பார்க்க மேல் லைன் ஆள் அனுப்பியது தெரிந்ததும் கீழ் லைனும் ஒரு ஆளை அனுப்பியது. மேல் லைன் ஆள் என்னைக் கவனித்தார். கீழ் லைன் ஆள் அவரைக் கவனித்தார். மாப்பிள்ளைத் தோழர்கள் போல இரண்டு பேர் கூடவே வர, நான் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பேன். டீக்கடையில் யார் கொடுக்கிற டீயையும் வாங்க முடியாது. மேல் லைன்காரர் டீ வாங்கித் தந்தால் நான் மேல் லைன் ஆள். வேண்டாம் என்றால் கீழ் லைன் ஆள். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அதுவே பெரிய சந்தேகமாகிவிட்டது. "சொல்லாம மறைக்கறான்னா விஷயம் இருக்குது" என்றார்களாம்.

இதில் எனக்கு மனம் கஷ்டப்பட்டது ஒரு வீட்டை நினைத்துத்தான். கீழ் லைனில் முருகேசன் என்று ஒருவர், வெலிங்டன் ராணுவ முகாமில் சிவிலியன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய ஒரே தங்கை சரோஜாவை மேல் லைனில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பண்டிகைக்குப் பண்டிகை இவர் மேலே ஏறுவார், அவள் கீழே இறங்குவாள். தேர்தலில் முருகேசன் ஜெயித்த அம்மாவுக்குப் பூத் ஏஜென்ட். சரோஜாவின் வீட்டுக்காரர் தோற்ற அம்மாவுக்கு ஏஜென்ட். முடிவு வந்த அன்று கீழ் லைன் பையன்கள் ஊர்வலமாக மேலே வந்து சரோஜா வீட்டுக் கேட்டுக்கு எதிரிலேயே சரவெடி கொளுத்தினார்கள். கூட்டத்தில் முருகேசனும் நின்றிருந்தார். தடுக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

3. சாவுத் தண்ணி

எங்கள் வேலையில் எந்த ஆர்டரிலும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. ஒரு லைனில் சாவு விழுந்தால், முறை யாருடையதாக இருந்தாலும் அந்த லைனுக்குக் கொஞ்ச நேரம் தண்ணீர் திறந்துவிட வேண்டும். குளிப்பாட்ட வேண்டும், வந்த ஜனம் கால் கழுவ வேண்டும். எங்களுக்குள் இதற்குச் சாவுத் தண்ணி என்று பெயர். ஆபீசில் கேட்க மாட்டோம், ஆபீசும் கேட்காது. அடுத்த லைன்காரர்களும் வாய் திறந்ததில்லை. நாளைக்கு அவர்கள் வீட்டிலும் விழும் அல்லவா?

தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து ஒரு நாள். அன்று மேல் லைன் முறை. திறந்துவிட்டு, எண்ண வந்தவர்களும் போனபின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மழைத் தூறல், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். முருகேசனின் மகன் செந்தில் போன் செய்தான்.

"அப்பா போயிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்கு வண்டி வரதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க. ஊட்டுல சொட்டுத் தண்ணி இல்லீங்க."

"நீ போன வெய்யி தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மேல் வால்வை மூடிக் கீழ் வால்வைத் திறந்தேன். நான் குழியை மூடுவதற்குள், குழாய் நின்றுபோனதைப் பார்த்து மேலேயிருந்து காலிக் குடங்களோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் சரோஜா.

"கையும் களவுமா மாட்டுனீங்களா? எங்க முறையில அவங்களுக்குத் தொறக்கறீங்க!"

செத்தது அவளுடைய அண்ணன். நான் என்ன சொல்ல வேண்டும் அவளுக்கு?

"மூடுங்க மொதல்ல" என்று சாவியைப் பிடுங்கித் தானே கீழ் வால்வைத் திருகி மூடினாள். நான் திருகுவதையும் சுப்ரமணி எண்ணுவதையும் பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறாள். ஸ்லாப்பை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மடியில் சாவி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெடி கொளுத்தியதற்கு இப்படியா பழி வாங்குவாள் ஒருத்தி?

"ஏம்மா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா?"

"ஈரமா? எங்க கொழாய்லயே ஈரம் இல்லீங்க, நெஞ்சுக்கு எங்க போறது?"

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் பொறுமை இழந்தேன்.

"அண்ணனக் குளிப்பாட்டக்கூடத் தண்ணி விட மாட்டேன்னு உக்காந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு கூடப்பொறந்தவளா?"

"எந்த அண்ணன?" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நடிப்பில்லை. அவளுக்குத் தெரியாது.

"முருகேசண்ணன் தவறிட்டாரும்மா. காலையில."

"நம்பாத சரோஜா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "தண்ணிக்காகச் சாவுன்னு பொய் சொல்றாங்க. இதையெல்லாம் செய்வாங்க அவங்க."

சொன்னவள் கெட்டவள் இல்லை. அத்தனை மாதமாக எல்லாரும் அப்படி யோசித்தே பழகிவிட்டோம். அதைவிடக் கொடுமை, சரோஜாவும் ஒரு நிமிஷம் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தாள். ஸ்வெட்டர் பையிலிருந்து போனை எடுத்து அண்ணன் நம்பரைப் போட்டாள். பேசாமல் இருந்த இத்தனை நாளில் அவள் அந்த நம்பருக்கு அடித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது செந்தில்.

"அத்தை..." என்றவன் அழுதது நின்றிருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அவள் எழுந்தாள். சாவியை என் கையில் கொடுத்து, "தொறங்க. சீக்கிரம் தொறங்க" என்றாள். நான் ஸ்லாப்பை நகர்த்துவதற்குள் ஈரத்தில் செருப்பு வழுக்க வழுக்க இறங்கி ஓடிவிட்டாள். மற்ற பெண்கள் குடங்களை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனார்கள்.

எப்படித் தெரியாமல் போனது என்று பிறகு விசாரித்தேன். கண்ணீர் அஞ்சலிப் படம் கீழ் லைன் குரூப்பில் காலையிலேயே வந்துவிட்டது. மேல் லைன் ஆள் ஒருவரும் அதில் இல்லை. முன்பென்றால் ஒருவர் ஓடி வந்து சொல்லியிருப்பார். இப்போது யார் ஏறுவது? அழுகைச் சத்தம் மேலே கேட்காமலா இருந்தது? கேட்டிருக்கிறது. தலைவி அம்மா வீட்டில் மறுபடி ஏதோ கொண்டாட்டம், கத்துகிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம்.

4. சாட்சி

வால்வைத் திறந்துவிட்டு நானும் கீழே போனேன். அதற்குள் செய்தி போனிலேயே எங்களுக்கு முன்பு போய்ச் சேர்ந்திருந்தது. தங்கச்சியே தண்ணியை மறித்துவிட்டாள்.

வாசலில் கூட்டம் வழி விட்டது. ஒருவரும் சரோஜாவின் கையைப் பிடிக்கவில்லை. உள்ளே முருகேசனின் மனைவி அவளை நிமிர்ந்து பார்த்து, "இப்பத்தான் தண்ணி வந்துச்சு" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க அண்ணி. சத்தியமாத் தெரியாதுங்க."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. செந்திலிடம் போய், "தம்பி, உங்க அத்தைக்கு உண்மையிலேயே தெரியாது. நான் சாட்சி" என்றேன்.

அவன் அழுத கண்ணோடு என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க மேல் லைனுக்குத்தானுங்க சாட்சி சொல்லுவீங்க" என்றான்.

அவன் அப்பாவுக்காகத் தண்ணீர் திறந்துவிட்டு வந்து நின்றவன் நான். என்னிடம் அப்படிச் சொன்னான். எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். குளிப்பாட்டும்போது சரோஜா ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். தடுக்கவில்லை, ஆனால் அவளுக்குச் சொம்பை யாரும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. தரையிலிருந்து அவளே எடுத்து ஊற்றினாள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சாவுத் தண்ணி திறப்பது பெரிய விஷயம் இல்லை. திறப்பதற்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், குரூப்பில் வந்திருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஓட்டு எண்ணிய பிறகு ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் தானாகத் தெரியாது. அன்றிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை, கீழே சாவு விழுந்தால் மேல் லைன் முழுக்கவும், மேலே விழுந்தால் கீழ் லைன் முழுக்கவும், வீடு வீடாக ஆள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் குழிக்குள் இறக்கினேன். லேட் ஆகும், ஆகட்டும்.

எல்லா வீட்டிலும் நான் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வருவார்கள். சரோஜா மட்டும், வழக்கமில்லாத நேரத்தில் நான் சாவியோடு மேலே ஏறுவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால், செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு வந்து நின்று, "யாருங்க?" என்பாள்.