இடப்பக்கம் இழுத்த கார்

எங்கள் கார் இடப்பக்கமாகவே போக ஆசைப்பட்ட நாட்களில் நான் ஐந்தாம் ஆண்டில் இருந்தேன். புலமைப்பரிசில் பரீட்சைக்காக வீடே என்னைச் சுற்றி மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கோ வேறொரு கேள்வி. ஸ்டியரிங்கைத் திருப்பாமலே ஒரு கார் எப்படித் திரும்பும்?

அது என்னைவிட மூத்த கார். பேராதனை வளாகத்தில் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அப்பா வாங்கியது. ஞாயிறு காலைகளில் அவர் அதைக் கழுவும்போது யாரும் கூப்பிடக்கூடாது. அதன் கதவை அறைந்து சாத்தக்கூடாது. அந்தக் காருக்கு இருந்த மரியாதையில் பாதி எனக்கு இருந்திருந்தால் நான் கணக்கில் இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருப்பேன்.

ஒரு நாள் கலஹாவில், அப்பாவோடு வேலை செய்யும் ஒருவரின் புதுவீடு குடிபூரலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். முதல் நாள் மழையில் மண்திட்டிலிருந்து சரிந்த கல்லொன்று வீதியின் இடது ஓரத்தில் கிடந்தது. பின்னால் இருந்த எனக்கே அது தெரிந்தது. முன்னால் இருந்த அம்மா, "கல்லப்பா, கல்லு!" என்று கத்தினார். கார் விலகவில்லை. நேரே போய் ஏறியது. அடிவயிற்றில் யாரோ உலக்கையால் குத்தியதுபோல ஒரு சத்தம். அடுத்த கணம் இடது முன்சில்லு மழைத்தண்ணீர் ஓடும் வீதியோரக் கானுக்குள் இறங்கி நின்றது.

தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த தோட்டத்து ஆட்கள் சிலர் ஓடி வந்தார்கள். "ஆளுக்கு ஒண்ணுமில்லதானே சார்? அப்ப பரவாயில்ல, தூக்கிருவோம்" என்று சொல்லி, சொன்னபடியே தூக்கி வீதியில் வைத்தார்கள். அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, "கண்டனான். விலத்தத்தான் பாத்தனான்" என்றார்.

அன்றிலிருந்துதான் கார் இழுக்கத் தொடங்கியது. நேராகப் போவதற்கு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பியே வைத்திருக்க வேண்டும். கையைத் தளர்த்தினால் கார் மெல்ல இடது ஓரத்தை நாடும். புல்லுக் கண்ட மாடு மாதிரி என்றார் அம்மா.

அப்பா முதலில் நகரத்திலிருந்த பெரிய இடமொன்றுக்குக் கொண்டு போனார். சில்லுகளைச் சரியான கோணத்தில் நிறுத்துவதற்கு அங்கே கம்பியூட்டர் வைத்திருந்தார்கள். நான்கு சில்லுகளிலும் தட்டுப்போல எதையோ மாட்டிவிட்டார்கள். திரையில் இலக்கங்கள் சிவப்பாக வந்தன. கீழே ஒருவர் ஸ்பனர் போட்டுத் திருகத் திருக அவை பச்சையாக மாறின. ஒரேயொரு இலக்கம் மட்டும் சிவப்பாகவே நின்றது. அது ஏன் என்று கேட்டேன். "பழைய வாகனந்தானே, அப்பிடித்தான்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டியரிங் நேராகிவிட்டது. கார் ஆகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் இடது முன் டயரின் வெளியோரம் வழுவழுவென்று தேய்ந்துபோயிற்று. குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். உள்ளோரத்தில் வரிகள் புதிதுபோல இருந்தன, வெளியோரம் மொட்டை. தம்பியின் விளையாட்டுக் காரின் முன்சில்லை அம்மாவின் கொண்டையூசியால் நெம்பிச் சரித்துவிட்டு நிலத்தில் உருட்டினேன். அது வளைந்து போய் அலுமாரிக்குக் கீழே புகுந்தது. தம்பி அழுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரீட்சை வினாத்தாளை மேசையில் விரித்தபடியே விட்டுவிட்டு, அப்பாவிடம் போய் சில்லு சரிந்திருக்கிறது என்று அறிவித்தேன். அவர் மறுக்கவில்லை.

பிறகு கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ் ஒன்றுக்குப் போனோம். அதை நடத்தியவர் ஒரு முஸ்லிம் மனிதர். எல்லோரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். காரை ஜாக்கில் உயர்த்தி, சில்லைக் கழற்றி, விளக்கைப் பிடித்து நெடுநேரம் உள்ளே பார்த்தார்.

"எலைன்மென்ட் பிழ இல்ல சேர். கை வளஞ்சிருக்கு. வளஞ்ச கைய வச்சிக்கிட்டு எத்தன தரம் எலைன்மென்ட் செஞ்சாலும் இழுக்கத்தான் செய்யும்."

காருக்குக் கை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். சில்லை உடம்போடு பிடித்து வைத்திருக்கும் இரும்பு அது. கல்லில் அடிபட்டு உள்ளே மடிந்திருந்தது. அதனால்தான் சில்லு மேல்பக்கம் வெளியே சரிந்து நின்றது, ஓரம் தேய்ந்தது, அந்த ஓர் இலக்கம் சிவப்பாகவே நின்றது. நான் விடாமல் கேட்கவே, பாஸ் என்னை நிற்கச் சொல்லி, ஒரு பாதத்தை மட்டும் திருப்பி வைத்து நடந்து பார்க்கச் சொன்னார். நடந்தேன். உண்மைதான், உடம்பு ஒரு பக்கம் போயிற்று. அதன் பிறகு பள்ளிக்கூடத்திலும் அப்படியே நடந்து பார்த்து, காலில் ஏதும் வருத்தமா என்று ரீச்சர் கேட்கும்வரை நான் நிறுத்தவில்லை.

அந்தக் காருக்கு இப்போது புதுக் கை செய்வதில்லையாம். பழைய கார்களைக் கழற்றி விற்கும் கொழும்புக் கடையொன்றிலிருந்து நல்ல கையொன்று வந்து சேரும்வரை அப்பா பஸ்ஸில் போய்வந்தார். வந்ததும் மாட்டி, மறுபடி கோணம் பார்த்தார்கள். இந்தத் தடவை எல்லா இலக்கங்களும் பச்சை. கண்டியில் நேரான வீதி தேடுவது சுலபமல்ல. கன்னொறுவைப் பக்கம் கிடந்த ஒரு துண்டு நேர்வீதிக்குக் கொண்டு போய், பாஸ் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துக் காட்டினார். கார் அம்புபோலப் போனது. நான் பின் இருக்கையில் கைதட்டினேன்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா ஓட்டிக்கொண்டு வந்தபோது, வீடு வந்து சேர்வதற்குள் இடப்பக்கச் சில்லுகள் வீதியோரப் புல்லை உரசின. அம்மா கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தார். அடுத்த நாளும் அப்படித்தான். "இன்னும் இழுக்குது" என்றார் அப்பா. அம்மாவும் சேர்ந்து காரைத் திரும்பக் கொண்டு போனோம். அதே நேர்வீதியில் பாஸ் ஓட்டினார். நேராகப் போனது. அப்பா ஓட்டினார். இடப்பக்கம் போனது. பாஸ் இறங்கி, கீழே பார்த்தார், சில்லை ஆட்டிப் பார்த்தார். அதன் பிறகு காரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"சேர், மிஸ்ஸுக்கு ஓட்டத் தெரியுமா?"

தெரியும். எப்போதோ லைசன்ஸ் எடுத்து, ஒரு முறை யாருடைய கேற்றிலோ உரசிவிட்டு, அதோடு விட்டுவிட்டவர் அம்மா. லைசன்ஸ் அவரது கைப்பையின் அடியில் அடையாள அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. "நானோ? எனக்கு ஏலாது" என்றார். அப்பா இறங்கிச் சாவியை நீட்டினார். அந்தக் காரின் சாவியை அவர் இன்னொருவருக்கு நீட்டி நான் கண்டதில்லை.

அம்மா பிள்ளையாரே என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டார். முதலில் கார் குலுங்கியது. பிறகு, அந்த நேர்வீதியில், கார் ஒரு கோடுபோலப் போயிற்று. எனக்கு விடை கிடைத்துவிட்டது. கைகளைத் தட்டிக்கொண்டு சொன்னேன்:

"அப்பா, காருக்கு அம்மாவைத்தான் விருப்பம்!"

அப்பா சிரித்தார். "ஓம் பிள்ளை, எனக்கும் அப்பிடித்தான் படுது." அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பாஸைப் பார்த்தார். பாஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது அப்பாவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது, "ஒருக்கா காட்டிப் பாருங்க சேர்" என்ற கடைசி வார்த்தைகள் மட்டும்தான். எதைக் காட்டுவது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். காரைத்தான் காட்டியாயிற்றே.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து அணைந்துகொண்டு வரும் வியாதியொன்று உண்டு. நேரே பார்த்தால் எழுத்துக்கூடத் தெளிவாகத் தெரியுமாம். ஓரம் மட்டும் இல்லாமல் போகும். அதுவும் இல்லாமல் போவது தெரியாமலே போகும். அப்பாவுக்கு இடது பக்கம் முதலில் போயிருந்தது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டபோது வளாகத்தில் படிக்க வந்துவிட்டேன். அப்போது மருந்து விடும் நேரங்களை அப்பா மறக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலையாகவும் ஆகியிருந்தது. இருந்த பார்வையை அந்தத் துளிமருந்து இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு சனிக்கிழமை அம்மா காரோட்ட, நாங்கள் கண்டிக்குப் போனோம் என்பதுதான். தம்பியும் நானும் காருக்குள் காத்திருந்து, மீன் வைத்த மாலுபான் சாப்பிட்டோம். அப்பாவும் அம்மாவும் கண் டாக்டரிடமிருந்து வெகுநேரம் கழித்து வந்தார்கள். அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வந்தவர் இப்போதும் வலப்பக்கக் கதவுக்குப் போகவில்லை. சுற்றி வந்து இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தேடிப் போட்டுக்கொண்டார். அம்மா காரை எடுத்தார். பேராதனை வீதிக்கு வரும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"நீங்கள் ஏனப்பா இந்தப் பக்கம் இருக்கிறியள்?"

அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "இஞ்சால இருந்தாத்தான் பிள்ளை, ஹந்தானை மலை வடிவாத் தெரியும்."

அவ்வளவு நல்ல இடத்தை இத்தனை நாளும் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய தோளுக்கு மேலால் எட்டி, இடது ஜன்னல் வழியே பார்த்தேன். மழைமூட்டம் மலையை அடியிலிருந்து உச்சிவரை மூடியிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.